யாருடைய ஆர்சனிக்? கனடாவின் வடக்கில் சேறு அள்ளிய நாட்கள்

ஞாயிறு, யெல்லோநைஃப்

எட்மன்டனிலிருந்து வந்த விமானம் தாழ இறங்கும்போது கீழே நிலத்தைவிட ஏரிதான் அதிகம் தெரிந்தது. மார்ச் மாதம், எல்லாமே வெள்ளை. ஊசியிலை மரம் நின்றால் பாறை, நிற்காவிட்டால் ஏரி, அவ்வளவுதான் அடையாளம். வெளியே மைனஸ் 31. விடுதி வாசலில் நிற்கும் கார் ஒவ்வொன்றின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு மின்வயர் தொங்குகிறது. இரவில் இன்ஜின் உறைந்துவிடாமலிருக்க பிளக்கில் சொருகிவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள்.

என்னுடையது ஆய்வக வேலை. ஏரிச் சேற்றை அமிலத்தில் கரைத்து, ஐசிபி-எம்எஸ் கருவியில் ஓட்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் அளவைப் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். கேட்பவர்கள் தங்கமும் நிக்கலும் தேடுபவர்கள், அரசு நிலவியல் துறையினர், அண்மைக் காலமாகச் சூழலியல்காரர்களும். சேறு எனக்கு எப்போதும் ஒரு காகிதப்பையும் அதன்மேல் ஒரு எண்ணுமாகத்தான் வந்து சேரும். ஒரு பல்கலைக்கழகக் குழு பனிப்பாதை வழியே வடக்கே போய் ஏரிகளில் துளை போடப்போகிறது, கூடமாட வேலை செய்ய ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கனிமம் தேட எதற்கு ஏரி என்று கேட்பவர்களுக்கு: மலைநாடுகளில் ஓடை மணலை அள்ளிப் பார்த்தால் மேலே என்ன பாறை இருக்கிறதென்று ஓரளவு தெரிந்துவிடும். கனடியப் பாறைக் கேடயத்தில் அது நடக்காது. பனிப்பாறை வழித்துவிட்டுப் போன தட்டையான நாடு, ஒழுங்கான ஓடைகள் குறைவு, மண் மெலிசு. ஆனால் பள்ளம் கண்ட இடமெல்லாம் ஏரி. சுற்றியுள்ள பாறையிலிருந்து கரைந்தும் அரித்தும் வருகிற உலோகம் கடைசியில் ஏரியின் ஆழமான நடுப்பகுதிச் சேற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1970களில் கனடா நிலவியல் ஆய்வுத் துறை இதை ஒரு முறையாகவே ஆக்கியது. 1975இல் யுரேனியத் தேடலுக்காகத் தொடங்கிய திட்டத்தில் மிதவை கட்டிய ஹெலிகாப்டரில் ஏரி ஏரியாக இறங்கி, சுமார் 13 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி என்று அள்ளினார்கள். அப்படி அள்ளிய பரப்பைக் கால்நடையாகத் தேடினால் பல தலைமுறை ஆகும்.

திங்கள், யெல்லோநைஃப்

பொருட்கள் வாங்க ஒரு நாள். டிரை ஐஸ் (உறையவைத்த கார்பன் டைஆக்சைடு), எத்தனால், அலுமினியத் தாள், பென்சில். பேனா இங்கே உதவாது, மை உறைந்துவிடும்.

மாலையில் குழுத் தலைவி ஊரைச் சுற்றிக் காட்டினார். ஐம்பதைக் கடந்த நிலவியலாளர், அதிகம் பேசுகிறவர் இல்லை. ஊர் நடுவே ஃப்ரேம் ஏரி. சுற்றிலும் நடைபாதை, மறுகரையில் சட்டமன்றக் கட்டடம், அழகான இடம். "இதில் குளிக்க வேண்டாம், மீன் பிடித்துச் சாப்பிட வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது" என்றார். காரணம் ஆர்சனிக்.

ஊருக்கு வடக்கே உள்ள ஜயண்ட் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. அங்கே தங்கம் ஆர்சனோபைரைட் என்ற கனிமத்துக்குள் சிக்கிக் கிடந்தது. தாதுவை வறுத்தால்தான் பிரியும். வறுக்கும்போது ஆர்சனிக் ஆவியாகி, குளிர்ந்து, ஆர்சனிக் ட்ரைஆக்சைடு தூளாகிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் அதைப் பிடித்து வைக்க எந்த ஏற்பாடும் கிடையாது. ஒரு நாளைக்கு 7 டன் அளவுக்குப் புகைபோக்கி வழியே வெளியே போனது. அருகிலுள்ள யெல்லோநைஃப் வளைகுடாவின் கரையில் வாழ்ந்த பூர்வகுடிகளான யெல்லோநைவ்ஸ் டெனே மக்கள் பனியை உருக்கித்தான் குடித்தார்கள். 1951இல் அவர்களுடைய குழந்தை ஒன்று ஆர்சனிக் நஞ்சால் இறந்தது. அதன்பிறகு தூளைப் பிடித்துப் பூமிக்கடியில் அறைகளில் கொட்டினார்கள். இன்று அங்கே 2,37,000 டன் கிடக்கிறது. தண்ணீரில் கரையக்கூடியது. நீர் உள்ளே புகாதபடி அறைகளைச் சுற்றியுள்ள பாறையையே உறையவைத்து நிரந்தரமாக அப்படியே வைத்திருப்பதுதான் திட்டம்.

தங்கம் தேடுகிறவர்கள் ஏரிச் சேற்றில் தங்கத்தை நேராகத் தேடுவது குறைவு. தங்கம் சின்னத் துணுக்குகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஒரு கரண்டிச் சேற்றில் ஒரு துணுக்கு மாட்டினால் எண் எகிறும், மாட்டாவிட்டால் பூஜ்யம். ஆகவே அதோடு சேர்ந்து வரும் ஆர்சனிக், ஆன்ட்டிமனி, டங்ஸ்டன் இவற்றைப் பார்க்கிறார்கள். ஆர்சனிக் பரவலாகக் கரைந்து வரும், நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் யெல்லோநைஃபைச் சுற்றியுள்ள ஏரிகளில் அதே ஆர்சனிக்கும் ஆன்ட்டிமனியும் அரை நூற்றாண்டு காலம் வானத்திலிருந்து விழுந்திருக்கின்றன. பட்டியலில் ஆர்சனிக் அதிகம் என்று நான் எழுதி அனுப்பினால், அது பாறை கொடுத்ததா, புகைபோக்கி கொடுத்ததா என்று அந்த எண்ணில் ஒன்றும் எழுதியிருக்காது.

இது வெறும் தேடல் சங்கதி மட்டுமில்லை. குடியிருப்பு மண்ணில் ஆர்சனிக் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்பது கனடாவின் பொது வரம்பு. யெல்லோநைஃபில் 160. இங்கே பாறையிலேயே ஆர்சனிக் அதிகம், அதனால் இயற்கை அளவே உயர்ந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அப்படி இயற்கை என்று கணக்கில் சேர்த்ததில் புகை படிந்த மண்ணும் கலந்திருந்தது என்று ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஊருக்குப் பக்கத்தில் மேல்மண்ணை அள்ளிவிட்டு அதற்கு இயற்கை என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

செவ்வாய், இன்கிராம் டிரெயில்

யெல்லோநைஃபிலிருந்து கிழக்கே போகும் ஒரே சாலை இது. 70 கிலோமீட்டர் போய் திபிட் ஏரியில் முடிந்துவிடும். சாலையிலிருந்து பனிமோட்டாரில் சற்று உள்ளே போய் முதல் ஏரி. ஊரிலிருந்து அதிக தூரமில்லை, புகைபோக்கியின் பங்கு எவ்வளவு என்று பார்க்கவே தேர்ந்தெடுத்த இடம்.

எங்களோடு வந்த டெனே வழிகாட்டி முதலில் இறங்கி, பனியைக் காலால் விலக்கி ஐஸின் நிறத்தைப் பார்த்தார். கறுப்பாகவோ நீலமாகவோ தெரிந்தால் கெட்டியான ஐஸ். வெள்ளையாக இருந்தால் பனி நனைந்து உறைந்தது, அதன் பலம் பாதிதான். "பரவாயில்லை, வாங்க" என்ற பிறகுதான் மற்றவர்கள் காலை வைத்தோம்.

ஆழம் பார்க்கத் துளை போட வேண்டியதில்லை. ஐஸ்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி சோனார் உணரியை அதில் அழுத்தி வைத்தால், ஐஸ் வழியாகவே அடித்தரை தெரிகிறது. நாலைந்து இடம் பார்த்து ஆழமானதைப் பிடித்தோம். பிறகு பெட்ரோலில் ஓடும் திருகுத் துளைப்பான். ஒரு மீட்டர் ஐஸைத் தாண்டியதும் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. துளையில் மிதக்கும் ஐஸ் தூளை ஜல்லிக்கரண்டியால் அள்ளிப்போடுவது என் பொறுப்பு. கையுறை நனைந்தால் விரல் போய்விடும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்துதான் பார்க்க வந்த வித்தை. அலுமினியத்தில் நீளமான சப்பைப் பெட்டி, அடிப்பக்கம் ஆப்பு மாதிரி கூர்மை. உள்ளே டிரை ஐஸ் உருண்டைகளைப் போட்டு எத்தனாலை ஊற்றினார்கள். புகை கிளம்பியது, பெட்டியின் வெப்பம் மைனஸ் 78 பக்கம் போய்விட்டது. கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி, சேற்றில் செருகி, அசையாமல் இருபது நிமிடம் போல் விட்டார்கள். சேறு பெட்டியின் முகத்தில் பலகையாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். மேலே இழுத்தபோது வெளிப்பக்கம் குழம்பியிருந்தது. தலைவி ஒரு தகட்டை எடுத்துப் பக்கவாட்டில் வழித்தார். மேலிருந்து கீழே வழித்தால் மேலடுக்குச் சேறு கீழடுக்கில் பூசிவிடும், குறுக்கேதான் வழிக்க வேண்டும். வழித்த இடத்தில் வரிகள் தெளிந்தன. மேலே இருண்ட பழுப்பு, கீழே போகப்போகப் பச்சை கலந்த பழுப்பு, நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிர்கோடு. உறையாத சேறு கொஞ்சம் என் கையில் ஒட்டியது. ஆறிய கேழ்வரகுக் கூழின் வழவழப்பு, மணல் தட்டவில்லை, லேசாக அழுகிய முட்டை வாடை. ஆய்வகத்துக்குக் காய்ந்து பொடியாக வரும் பொருளும் இதுவும் ஒன்றென்று நம்பச் சிரமமாக இருந்தது.

இந்தப் பலகையை ஆய்வகத்தில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சீவுவார்கள். இங்கெல்லாம் சேறு படிவது மிக மெதுவாக. ஒரு மீட்டரில் சில ஆயிரம் ஆண்டுகள் அடங்கிவிடும். தானாகவே சிதைந்து குறையும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தின் மிச்சத்தை வைத்து மேல் அடுக்குகளுக்கு வயது போடலாம். சுரங்கம் வருவதற்கு முன்னால் படிந்த அடுக்கு எதுவோ அதில் உள்ள ஆர்சனிக் பாறையினுடையது. அதற்கு மேல் திடீரென்று ஏறினால் புகைபோக்கி.

அவ்வளவு சுலபமாக முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆர்சனிக் விழுந்த இடத்தில் சும்மா கிடப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு ஆக்சைடு கரைகிறது, அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு, சேற்றின் ஈரத்திலேயே மேலே ஊர்ந்து, ஆக்சிஜன் உள்ள மேற்பரப்பில் மறுபடி இரும்போடு படிந்துவிடுகிறது. ஆகவே மேலே எண் ஏறுவது புகைபோக்கி இல்லாத ஏரியிலும் நடக்கும். சந்தேகம் வந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளையே பார்த்துவிட வேண்டும். ட்ரைஆக்சைடு துகள் தெரிந்தால் வறுவல் உலை, ஆர்சனோபைரைட் தெரிந்தால் பாறை. ட்ரைஆக்சைடு கரையக்கூடியதாக இருந்தும் பல பத்தாண்டுகள் கழித்து ஏரி அடியில் அப்படியே துகளாகக் கிடைத்திருக்கிறது.

புதன், பனிப்பாதை

திபிட் ஏரியில் தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் வேலை முடிந்தது. அங்கிருந்து வடக்கே போகும் பாதை ஏரிகள்மேல் போடப்பட்டது. 1982 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் போடுகிறார்கள். நீளத்தில் 85 சதவீதம் உறைந்த ஏரி, மிச்சம் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள நிலம். வருடத்தில் இரண்டு மாதம் உயிரோடு இருக்கும். வைரச் சுரங்கங்களுக்கு டீசலும் சிமென்ட்டும் இதில்தான் போகின்றன. முழுச் சுமை லாரியை விட ஐஸ் 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

சுமை லாரிக்கு வேக வரம்பு 25 கிலோமீட்டர். முதலில் அபத்தமாகப் பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக, காலியாக இருக்கிறது, எதற்கு இந்த ஊர்வலம்? ஓட்டுநர் விளக்கினார். லாரியின் எடையில் ஐஸ் தாழ்கிறது, அடியில் தண்ணீர் தள்ளப்பட்டு அலையாக முன்னே போகிறது. வேகமாகப் போனால் அந்த அலை கரையில் மோதித் திரும்பி ஐஸை உடைத்துவிடும். நாங்கள் நிறுத்திக் கதவைத் திறந்தபோது எங்கோ தூரத்தில் லாரி வர, எங்கள் காலடியில் ஐஸ் நீளமாக முனகியது. "சத்தம் போட்டால் நல்ல ஐஸ்" என்றார் வழிகாட்டி.

இன்று மாதிரி எடுக்கவில்லை. இரவு பாதைப் பராமரிப்பு முகாமில் இடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மூன்று வகை பை (pie) பலகாரம். மிளகாய்ப்பொடி கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

வியாழன், மரக்கோட்டுக்கு அப்பால்

காலையில் மரங்கள் குட்டையாகின, பிறகு அங்கங்கே, பிறகு ஒன்றுமில்லை. வரைபடத்தில் ஆர்க்டிக் வட்டம் இன்னும் வடக்கே இருக்கிறது. ஆனால் மரம் நின்றுபோன இந்த இடத்திலிருந்து நிலம், செடி, விலங்கு எல்லாமே ஆர்க்டிக்தான். இங்கே நிரந்தர உறைமண், கோடையில் மேலாக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் இளகும். அந்த அடுக்கு வழியே கசியும் நீர்தான் ஏரிக்கு உலோகத்தைக் கொண்டுவருகிறது. அது ஆண்டுக்காண்டு ஆழமாக இளகினால், இதுவரை உறைந்து கிடந்த பாறைத்தூளும் கரையத் தொடங்கும். பாறையில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே ஏரியில் எண் மாறும்.

கரேஜியஸ் ஏரிப் பக்கம் இரண்டு ஏரிகள். யெல்லோநைஃப் போல இதுவும் பச்சைப்பாறைப் பட்டைதான், பழைய எரிமலைப் பாறை, தங்கம் உள்ள பூமி. அருகே டன்ட்ரா சுரங்கம் 1964 முதல் 1968 வரை ஓடி நின்றது. இரண்டு ஏரிகளில் ஒன்று அந்தப் பட்டையின்மேல், மற்றது மேற்கே கிரானைட்டின்மேல். கிரானைட் ஏரியிலும் ஆர்சனிக் கொஞ்சம் தூக்கலாக இருப்பது பழைய ஆய்விலேயே தெரியும் என்றார் தலைவி. "யார் கொண்டுவந்தது சொல்லுங்கள் பார்ப்போம்."

இங்கே வறுவல் உலைப் புகை இல்லை. நான் இரும்பு, மாங்கனீஸ் என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தரையைக் காட்டினார். காற்று பனியைத் துடைத்த பாறையில் இணைகோடுகள், கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். பனியுகத்தில் இந்த நாட்டை மூடியிருந்த லாரன்டைட் பனிப்படலம் மேற்காக நகர்ந்தபோது அடியில் இழுத்த கற்களின் தடம். பச்சைப்பாறையை அரைத்து மேற்கே கிரானைட் மீது பரப்பிவிட்டுப் பனி உருகிப் போய்விட்டது. இந்த ஏரி தன் காலடிப் பாறையைப் பற்றிப் பேசவில்லை, கிழக்கே இருக்கும் பாறையைப் பற்றிப் பேசுகிறது. ஏரியில் எண் கிடைத்ததும் அங்கேயே துளையிட ஓடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கீறலின் திசையைப் பார்த்து, பனி வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்.

இரும்பு-மாங்கனீஸ் விஷயமும் பொய்யில்லை. ஏரிச் சேற்றில் உலோகத்தைப் பிடிப்பவை இரண்டு: மக்கிய உயிர்ப்பொருளும், இரும்பு-மாங்கனீஸ் ஆக்சைடும். இவை அதிகமுள்ள ஏரி சாதாரணப் பாறையிலிருந்துகூட உலோகத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் சேற்றை 500 டிகிரியில் எரித்து, மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டும் எடை இழப்பையும் எழுதி அனுப்புகிறோம். அந்தப் பத்தியை வாடிக்கையாளர்கள் படிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வழிகாட்டி கிழக்கே ஒரு மேட்டைக் காட்டி, அவருடைய அப்பா காலத்தில் கரிபூ மான்கள் அந்த வழியாக வருவதைப் பற்றிச் சொன்னார். கூட்டம் கடந்து முடிய நாள்கணக்கில் ஆகுமாம். பாத்தர்ஸ்ட் கூட்டம் 1986இல் 4,70,000 இருந்தது. 2018 கணக்கெடுப்பில் 8,200. நாங்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "இந்தச் சேற்றில் ஏதாவது இருந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" தலைவி, முதலில் இங்குள்ள பூர்வகுடிச் சமூகங்களிடம், பிறகு எல்லாருக்கும் ஒரே நாளில் என்றார். ஆய்வு உரிமம் வாங்கும்போதே அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வழிகாட்டி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளி, முகாம்

காற்று. எதிரே நிற்கும் வண்டி தெரியவில்லை. பாதையை மூடிவிட்டார்கள்.

நாள் முழுக்கக் காபியும் பழங்கதையும். தலைவி படிப்பு முடித்த புதிதில் ஹெலிகாப்டர் ஆய்வில் இருந்தவர். மிதவையின்மேல் நின்று டார்ப்பிடோவை எறிய வேண்டும். அது கனமான எஃகுக் குழாய், அடியில் ஒரு தடுக்கிதழ். கயிற்றோடு விழுந்து சேற்றில் புதையும், நீர் கலந்த மேல்சேறு வழியிலேயே போய்விடும், கீழ்ச்சேறு குழாயில் தங்கும். இழுத்து, காகிதப்பையில் தட்டி, எண் எழுதி, அடுத்த ஏரி. ஒரு மணி நேரத்தில் பதின்மூன்று பதினான்கு ஏரி ஆகுமாம். சேறு முழுக்க உடம்பில், கொசு முழுக்க முகத்தில்.

அந்தப் பைகளை எறிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1970களின் சேறு இன்றும் சேமிப்பில் இருக்கிறது. அப்போது ஒரு டஜன் தனிமம்தான் பார்க்க முடிந்தது. பிறகு கருவிகள் வந்ததும் அதே பொடியை எடுத்துத் தங்கம், அரிய மண் தனிமங்கள் எல்லாம் பார்த்துப் புதிய வரைபடம் வெளியிட்டார்கள். ஹெலிகாப்டருக்கு மறுபடி காசு கொடுக்காமலே.

பலன் கிடைத்ததா? கியூபெக்-லாப்ரடார் எல்லையிலுள்ள ஸ்ட்ரேஞ்ச் ஏரி ஓர் உதாரணம். அந்த வட்டார ஆய்வில் யுரேனியமும் ஃப்ளோரினும் தூக்கலாகத் தெரிய, பின்தொடர்ந்து போனவர்கள் 1970களின் இறுதியில் இட்ரியமும் சிர்க்கோனியமும் அரிய மண் தனிமங்களும் நிறைந்த பெரும் படிவைக் கண்டார்கள். யுரேனியம் தேடப் போய் வேறொன்று. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வைரங்களுக்கு இந்த முறை உரிமை கொண்டாட முடியாது. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் ப்ளஸன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் பனிப்பாறைப் படிவு மண்ணிலிருந்த, வைரத்தோடு சேர்ந்து வரும் கார்னெட் மணிகளின் தடத்தைப் பின்பற்றித்தான் லாக் டு க்ரா ஏரிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள், 1991இல் அறிவித்தார்கள். வைரத்தைத் தாங்கி ஆழத்திலிருந்து குழாய் மாதிரி மேலே வந்த கிம்பர்லைட் மென்மையான பாறை, பனிப்படலம் அதைத் தோண்டிவிட்டதால் பல வைரக்குழாய்கள் ஏரிக்கு அடியிலேயே இருந்தன. டயாவிக் வைரச் சுரங்கத்தில் ஏரிக்குள் அணை கட்டி நீரை இறைத்துவிட்டுத்தான் தோண்டினார்கள்.

சனி

வானம் தெளிந்தது. கடைசி ஏரி, பாதைக்கு அருகிலேயே. முதல் தடவை பெட்டி வெறும் களிமண்ணோடு வந்தது, துளை போட்ட இடம் தவறு. இருபது அடி தள்ளி மறுபடி துளை. இரண்டாவது நன்றாக வந்தது. இந்தப் பாதையின் லாரிகளே டீசல் புகையும் தூசியும் போடுகின்றன, அதுவும் மேலடுக்கில் தெரியலாம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள்.

ஞாயிறு, யெல்லோநைஃப்

உறைந்த பலகைகளை அலுமினியத் தாளில் சுற்றி, டிரை ஐஸோடு பெட்டிகளில் அடைத்தோம். விமானத்தில் டிரை ஐஸ் அபாயப் பொருள், யூஎன் 1845 என்று வெளியே ஒட்ட வேண்டும், எடையை எழுத வேண்டும்.

பழைய ஆய்வோடு ஒப்பிட ஒவ்வொரு ஏரியிலும் டார்ப்பிடோ மாதிரியும் எடுத்திருந்தோம். இந்தப் பருவத்தில் இதே குழு முன்னர் எடுத்தவற்றோடு சேர்த்து அவற்றை இருபது இருபதாக அடுக்கினோம். இருபதில் பதினேழு சாதாரணம். ஒன்று, ஒரே ஏரியில் இரண்டாம் முறை அள்ளியது. ஒன்று, அளவு ஏற்கெனவே தெரிந்த தரச்சேறு. இன்னொன்று, ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறு எண் போட்டது. இவை எவை என்று ஆய்வகத்துக்குச் சொல்லமாட்டார்கள். இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் தவறு எங்கள் கருவியில்.

இத்தனை காலம் மறுமுனையில் உட்கார்ந்து அந்த ஒளிந்த இரட்டை எதுவாக இருக்கும் என்று ஊகித்திருக்கிறேன். இன்று பையைப் பிரித்து எண் எழுதியதே நான்தான். தலைவி எதிரில் நின்று சிரித்தார். "இந்தப் பெட்டி வந்தால் நீங்கள் தொடக்கூடாது." ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் சகாவுக்கு அப்போதே செய்தி அனுப்பிவிட்டேன், இந்த வரிசை முழுவதும் அவர்தான் ஓட்ட வேண்டும், எண்களை என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று.